கழுத்தோரச் சதையில் ஊசி: ட்ரை நீட்லிங் தொடரலாமா, விடலாமா?

ஜூன் 2, 2024. ஈரோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி

வயது 34. நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு வருடமாக வலது தோள்பட்டைக்கு மேலே, கழுத்தோரம் சதை கட்டிப்போய்க் கிடக்கிறது. அங்கே அழுத்தினால் காதுக்குப் பின்னால் வரை வலி ஏறுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, பெரிதாக எதுவும் இல்லை. போன மாதம் பிசியோதெரபி சென்டரில் ட்ரை நீட்லிங் என்று ஊசி போட்டார்கள். அன்றைக்கே பாதி வலி போனது. நாலு நாளில் அப்படியே திரும்பி வந்துவிட்டது. என் சித்தப்பா, "இது வெறும் அக்குபங்சர், ஊசிக்குள்ள மருந்தே இல்ல, ஏமாத்துறாங்க" என்கிறார். தொடரலாமா, விடலாமா?

ஜூன் 2, இரவு

நாலு நாளில் திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாலு நாளும் என்ன செய்தீர்கள்? ஏதாவது பயிற்சி சொல்லிக்கொடுத்தார்களா, இல்லை "அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டார்களா? இதற்குப் பதில் தெரிந்தால்தான் தொடரலாமா என்று சொல்ல முடியும்.

நான் திருப்பூரில் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனி ஆட்கள். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறவர்கள், செக்கிங்கில் நாள் பூரா நின்றே வேலை செய்கிறவர்கள். எல்லாருக்கும் நீங்கள் சொல்கிற அதே இடம்தான். ட்ரபீசியஸ் தசையின் மேல்பாகம், அதற்கு அடியில் லெவேட்டர் ஸ்காபுலே என்ற இன்னொரு தசை. "வாய்வு பிடிச்சிருக்குங்க" என்று கையை வைத்துக்காட்டினால் பெரும்பாலும் அங்கேதான் வைப்பார்கள்.

ட்ரை நீட்லிங் என்பது சதையில் இறுகிப்போய் அழுத்தினால் வலிக்கிற இடத்துக்குள், அதைத்தான் முடிச்சு என்போம், மெல்லிய ஊசியை விட்டு எடுப்பது. ஊசிக்குள் மருந்து கிடையாது, சித்தப்பா சொன்னது சரி. ஆனால் மருந்து இல்லை என்பதாலேயே ஏமாற்று ஆகிவிடாது. மருந்து ஏற்றிப் பார்த்த டாக்டர்கள்தான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் ஜேனட் டிராவல் என்ற டாக்டர், வலிக்கிற முடிச்சுக்குள் மரத்துப்போகும் மருந்தை ஏற்றி வைத்தியம் பார்த்தவர். கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, 1961இல் வெள்ளை மாளிகை மருத்துவராகவும் ஆனார். அந்தப் பதவியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். அப்புறம் 1979இல் பிராக் நகரத்து டாக்டர் காரெல் லெவிட், 241 பேருக்கு 312 இடங்களில் வெறும் ஊசியை மட்டும் போட்டுப் பார்த்து எழுதினார். மிகச் சரியாக அந்த வலிக்கிற புள்ளியைத் தொட்டபோது 86.8 சதவீத இடங்களில் வலி உடனே குறைந்ததாம். வேலை செய்வது மருந்து இல்லை, ஊசி என்பது அவர் வாதம்.

அந்த 86.8ஐப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வைக்காத ஆய்வு அது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், நாளைக்குக் காலையில் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 3

"ஊசின்னாலே பயம், எவ்வளவு பெரிசு?" என்று கேட்ட தம்பிக்கு.

இடுப்பில் போடுகிற சாதாரண ஊசி 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். நடுவே ஓட்டை, முனை சாய்வாக வெட்டியிருக்கும். எங்கள் ஊசி 0.25 அல்லது 0.30 மில்லிமீட்டர். ஓட்டை கிடையாது, முழுக் கம்பி. கழுத்தோரத்துக்கு 25 முதல் 40 மில்லிமீட்டர் நீளம் போதும், புட்டத் தசைக்கு 60, 75 வரை போவோம். சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசி இருக்கும். குழாயைத் தோலில் வைத்து, மேலே கொஞ்சமாக நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியில் விரலால் ஒரு தட்டு. தோலைத் தாண்டியது பல பேருக்குத் தெரியவே தெரியாது.

வலி அதற்கப்புறம்தான். முடிச்சில் முனை பட்டதும் சதை தானாக வெட்டி இழுக்கும். நாம் இழுப்பதில்லை, அதுவே துள்ளும். எனக்கும் போட்டிருக்கிறார்கள். தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கிற இன்ஃப்ராஸ்பினேட்டஸ் தசையில். குத்தியது முதுகுப்பக்கம், வலித்தது தோளின் முன்பக்கம். அங்கிருந்து கை வழியாக மந்தமாக இறங்கியது. சில நொடிதான், ஆனால் பல்லைக் கடிக்க வைத்த நொடிகள். நோயாளியிடம் "வலிக்காதுங்க" என்று நான் ஒருநாளும் சொல்வதில்லை. வலிக்கும், சட்டென்று முடிந்துவிடும், வேண்டாம் என்றால் கையைத் தூக்குங்கள், உடனே எடுத்துவிடுவேன். இவ்வளவுதான் சொல்வேன்.

ஓவர்லாக் ஓட்டுகிற அக்கா ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க மிஷின் ஊசி நிமிஷத்துக்கு ஐயாயிரம் தடவ குத்துது அம்மிணி, நீ ஒண்ணு குத்துறதுக்கு இத்தன பேச்சா?" அந்த அக்காவைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

ஜூன் 3, மதியம்

விட்டுப்போனது. ஊசி போட்ட இடம் அன்றைக்கும் மறுநாளும் அடி வாங்கியதுபோல வலிக்கும். சிலருக்கு மூன்றாம் நாள் வரை போகும். சின்னதாக நீலம் பாரிக்கலாம். பயப்பட வேண்டாம். ஒத்தடம் கொடுக்கலாம், கையைச் சும்மா தொங்கப் போடாமல் லேசாக ஆட்டிக்கொண்டிருக்கலாம்.

ஜூன் 5

இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்: இது அக்குபங்சர்தானே?

கம்பி அதேதான். நாங்கள் வாங்குகிற பெட்டியும் அவர்கள் வாங்குகிற பெட்டியும் ஒரே கடையில் கிடைக்கும். அதை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. சீன மருத்துவத்தில் அழுத்தினால் வலிக்கிற இடத்திலேயே குத்துகிற வழக்கமும் பழையது. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற வைத்தியர் அதை எழுதி வைத்திருக்கிறார். 1977இல் மெல்சாக் என்ற வலி ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும், டிராவல் வழியில் வந்த முடிச்சுப் புள்ளிகளும் அக்குபங்சர் புள்ளிகளும் 71 சதவீதம் ஒத்துப்போவதாக எழுதினார்கள். 2003இல் ஸ்டீபன் பர்ச் அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டு, அவ்வளவு ஒற்றுமை இல்லை என்று மறுத்தார்.

வேறுபடுவது எங்கே குத்துவது என்று முடிவு செய்கிற விதம். நான் நாடி பார்ப்பதில்லை, ஓட்டம், சக்தி என்ற கணக்கு வைப்பதில்லை. விரலால் தசையின் குறுக்கே தடவுகிறேன். நரம்பு மாதிரி இறுகிய இழை ஒன்று தட்டுப்படும். அதன் மேல் ஓர் இடத்தில் அழுத்தினால், "ஆமாங்க, இதான், இங்க அழுத்துனா தலைக்குப் போகுது" என்பார்கள். தினமும் அவர்களுக்கு வருகிற அதே வலி வந்தால்தான் ஊசியை எடுப்பேன். வேறு வலி வந்தால் எடுக்க மாட்டேன்.

தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் ஒரு விரலால் தொட்டு வைத்தியம் பார்க்கிற அக்குபங்சர்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். அது முற்றிலும் வேறு. அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுப் பேச வேண்டாம்.

ஜூன் 6

நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன்: "வர்ம ஆசான்கள் இதைத்தானே தலைமுறையாகச் செய்கிறார்கள்?"

அண்ணா, வர்மத்தில் 108 புள்ளி சொல்வார்கள், படுவர்மம் 12, தொடுவர்மம் 96. ஆசான்கள் விரலாலும் உள்ளங்கையாலும் அழுத்தித் தடவி இளக்குவார்கள். அந்தப் புள்ளிகள் ஓரிடத்தில் நிலையாக இருப்பவை. நான் தேடுகிற முடிச்சு ஆளுக்கு ஆள் இடம் மாறும், ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் மாறும். அழுத்தம் கொடுத்து இளக்குவது எங்கள் படிப்பிலும் உண்டு, ஊசிக்கு முன்னால் அதைத்தான் செய்து பார்ப்பேன். பாதிப் பேருக்கு அதுவே போதும். ஆனால் இது அதிலிருந்து வந்தது, அது இதிலிருந்து வந்தது என்று இழுத்து முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. போட மாட்டேன்.

ஜூன் 8

முடிச்சு என்று சுலபமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முடிச்சு என்று ஒன்று இருக்கிறதா என்பதிலேயே சண்டை இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் நியாயமாகாது.

இருக்கிறது என்பவர்கள் சொல்வது இது. 1938இல் லண்டனில் கெல்கிரன் என்ற இளம் டாக்டர் தசைக்குள் உப்புத் தண்ணீர் ஏற்றி, வலி எங்கே போய்த் தெரிகிறது என்று வரைந்து வைத்தார். குத்தின இடம் ஒன்று, வலிக்கிற இடம் வேறு. 1993இல் ஹப்பர்ட், பெர்காஃப் இருவரும் முடிச்சுக்குள் மெல்லிய மின்முனை ஊசியை விட்டுப் பார்த்தபோது, பக்கத்துத் தசை அமைதியாக இருக்க, முடிச்சில் மட்டும் மின்சலசலப்பு இருந்தது. 2005இல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிலையத்தில் ஜெய் ஷா குழுவினர் முடிச்சுக்குள் இருக்கிற நீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்துச் சோதித்தார்கள். வலி கொடுக்கிற பொருள்கள் அதிகம், அமிலத்தன்மையும் அதிகம். தசை இழை சுருங்கியபடி மாட்டிக்கொண்டு, ரத்த ஓட்டம் குறைந்து, அதனால் இன்னும் வலித்து, இன்னும் சுருங்குகிறது என்பது டிராவலின் கூட்டாளி டேவிட் சைமன்ஸ் கொடுத்த விளக்கம். ஊசி அந்தச் சுற்றை உடைக்கிறதாம்.

இல்லை என்பவர்களும் சும்மா சொல்லவில்லை. 1992இல் ஒரு சோதனை நடந்தது. யாருக்கு என்ன நோய் என்று சொல்லாமல், இந்தத் துறையில் பழுத்த டாக்டர்களிடமே ஆட்களை அனுப்பினார்கள். வலி இருப்பவர்களும் இருந்தார்கள், ஒரு வலியும் இல்லாதவர்களும் இருந்தார்கள். இறுகிய இழை எல்லாக் கூட்டத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் அகப்பட்டது. அந்த ஆய்வை எழுதியவர்களில் சைமன்ஸும் ஒருவர். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை. 2015இல் குவின்ட்னர், போவ், கோஹன் மூவரும், வலி இருப்பது நிஜம், அதற்கு முடிச்சுதான் காரணம் என்ற கொள்கை நிற்காது என்று எழுதிவிட்டார்கள். நரம்பு மண்டலம் உணர்ச்சி ஏறிப்போய்க் கிடக்கிறது, சதையைக் குற்றம் சொல்லாதே என்பது அவர்கள் பக்கம்.

படிக்கும்போது இதெல்லாம் எனக்குச் சொல்லித்தரவில்லை. சுவரில் மாட்டியிருந்த சிவப்புப் புள்ளிப் படத்தைக் காட்டி, இங்கே குத்து என்றார்கள். பிற்பாடு நானாகப் படித்தபோது இரண்டு நாள் ஊசியைத் தொடவே மனசு வரவில்லை. இப்போது என் நிலை இது: விரலில் தட்டுப்படுவது என்னவென்று எனக்கு அடித்துச் சொல்லத் தெரியாது. அங்கே குத்தினால் பலருக்குச் சில நாள் வலி குறைகிறது, கழுத்து கூடுதலாகத் திரும்புகிறது. இதை மட்டும் நோயாளிக்குச் சொல்கிறேன். "உங்க முடிச்ச உடைச்சுட்டேன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். அப்படிச் சொன்னால், உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது, வேறொருவர்தான் வந்து உடைக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிடுகிறது.

ஜூன் 9, ஞாயிறு

அந்த ஓவர்லாக் அக்கா.

சனிக்கிழமை சம்பளம் வாங்குவார். ஞாயிறு காலை என்னிடம் வருவார், ஊசி போட்டுக்கொள்வார், கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு "எறங்கிருச்சு அம்மிணி" என்று கிளம்பிவிடுவார். திங்கள் காலை மறுபடி ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். பீஸ் ரேட். நின்றால் காசு நின்றுவிடும். வியாழக்கிழமை வலி திரும்பும், ஞாயிறு மறுபடி வருவார்.

கொஞ்ச காலம் இப்படியே போனது. வலி குறைகிறது, ஆள் சந்தோஷமாகப் போகிறார், எனக்கும் வருமானம். ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில், அதே ஊசி. அந்த உடம்பை அடுத்த ஆறு நாள் ஓட்டத்துக்குத் தயார் செய்து அனுப்புவதுதான் என் வேலையா என்று உறுத்த ஆரம்பித்தது.

ஒருநாள் கம்பெனிக்குப் போய்ப் பார்த்தேன், சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு. ஸ்டூல் தணிவு. முழங்கை டேபிளை விடக் கீழே இருக்கிறது, அதனால் தோளைத் தூக்கிக்கொண்டேதான் துணியை ஓட்ட வேண்டும். வெட்டின பீஸ் கட்டு இடது பக்கம் தரையில், கூடையில். ஒவ்வொரு பீஸுக்கும் இடது பக்கம் சாய்ந்து குனிந்து எடுக்கிறார், எடுக்கும்போது வலது தோள் காதைத் தொடுகிற மாதிரி மேலே ஏறுகிறது. ஒரு கட்டு முடிகிற வரை நின்று பார்த்தேன். அந்தத் தோள் ஒரு தடவைகூட முழுசாகக் கீழே இறங்கவில்லை.

பனியன் வேஸ்ட்டை ஒரு பழைய பையில் அடைத்துத் தைத்து, ஸ்டூல் மேல் போட்டோம். கூடைக்கு அடியில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி டேபிள் உயரத்துக்கு ஏற்றினோம். செலவு என்று ஒன்றும் இல்லை. பக்கத்து மிஷின்காரப் பெண்கள் மறுநாளே அதே மாதிரி செய்துகொண்டார்களாம்.

வலி முழுசாகப் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் ஞாயிறு ஊசி என்பது மாதத்துக்கு ஒன்று என்று ஆனது, அப்புறம் தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது மட்டும் வந்தார். பன்னிரண்டு மணி நேர வேலையை நான் மாற்ற முடியாது. மாற்ற வேண்டியவர்கள் மாற்ற வேண்டும், அதைச் சொல்லவும் வேண்டும்.

ஜூன் 12

இதைத் தனியாக எழுதுகிறேன், எல்லாரும் படியுங்கள்.

கழுத்தோரத்துக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் அடியில் நுரையீரல் இருக்கிறது. அதன் உச்சி காறை எலும்புக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறி நிற்கும். மெலிந்தவர்களுக்குத் தோலிலிருந்து நுரையீரல் உறை வரை இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. 40 மில்லிமீட்டர் ஊசி எங்கே போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2013 கடைசியில் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் டோரின் யேட்டர்-வாலஸுக்கு, சோச்சி ஒலிம்பிக்குக்குச் சில வாரம் முன்னால், இந்த மாதிரி ஊசியில் நுரையீரல் சுருங்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவ்வளவு வசதி இருக்கிற இடத்திலேயே நடந்தது.

எங்களுக்குச் சொல்லித்தந்த பாதுகாப்பு முறை: ட்ரபீசியஸின் மேல்பாகத்தைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே கவ்வித் தூக்கிப் பிடி, உன் விரலை நோக்கியே ஊசியை விடு, நெஞ்சை நோக்கி ஒருநாளும் விடாதே. உங்களுக்கு ஊசி போடுகிறவர் சதையைக் கவ்விப் பிடிக்காமல் மேலிருந்து நேராகக் கீழே இறக்குகிறார் என்றால், "இருங்க" என்று சொல்லி எழுந்துவிடுங்கள். மரியாதைக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம்.

போட்டுக்கொண்டு போன பிறகு, உடனேயோ மறுநாளோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், மூச்சு வாங்கினால், காரணம் இல்லாமல் வறட்டு இருமல் வந்தால், ஒத்தடம் கொடுத்துப் பார்க்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய் ஊசி போட்ட விவரத்தைச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 12, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தங்கை ரொம்பப் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். எவ்வளவு அபூர்வம் என்றும் சொல்லிவிடுகிறேன். 2014இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அயர்லாந்தில் பிசியோதெரபிஸ்டுகள் 7,629 சிகிச்சைகளைக் குறித்துவைத்தார்கள். ஐந்தில் ஒன்றில் சின்னத் தொந்தரவு: நீலம் பாரித்தல், துளி ரத்தம், வலி. பெரிய ஆபத்து ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இங்கே இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு வேறோர் இடத்தில் நாற்காலியில் உட்கார வைத்தே போட்டிருக்கிறார்கள். மயங்கி விழுந்து நெற்றியில் தையல். ஊசி என்றால் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், அதனால்தான் எப்போதும் படுக்க வைத்துப் போட வேண்டும்.

போகும் இடத்தில் நீங்களே பார்க்க முடிந்தவை: ஊசி உங்கள் கண் முன்னால் புதுப் பொட்டலத்திலிருந்து பிரிக்கப்படுகிறதா, கை கழுவினார்களா, எத்தனை குத்தினார்கள் எத்தனை எடுத்தார்கள் என்று எண்ணுகிறார்களா, எடுத்தது குத்து தாங்கும் வெள்ளை டப்பாவுக்குள் போகிறதா. குப்பைக்கூடைக்குள் போட்டால், அந்தக் கூடையை நாளைக்கு அள்ளுகிற அம்மாவின் கையில்தான் குத்தும்.

ஜூன் 15

ஆய்வு எண்களுக்கு வருகிறேன், சித்தப்பாவுக்காக.

2001இல் கம்மிங்ஸ், ஒயிட் இருவரும் அதுவரை வந்தவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். மருந்து ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் பலன் ஒன்றுதான், ஆகவே வேலை செய்தால் அது ஊசி, இல்லை நம்பிக்கை, எது என்று இன்னும் தெரியாது என்று முடித்தார்கள். 2013இல் கீட்ரிஸ் குழு, கழுத்து, தோள் வலிக்குப் போலி ஊசியை விட இது உடனடியாகவும் நாலு வாரத்திலும் மேல் என்றது. 2017இல் காட்டி குழு, பிசியோதெரபிஸ்டுகள் போட்டதை மட்டும் எடுத்துப் பார்த்து, 12 வாரம் வரை வலி குறைவதாகச் சொன்னது. சான்றின் தரம் மிகக் குறைவிலிருந்து நடுத்தரம் வரை என்றும், நீண்ட காலப் பலனுக்குச் சான்று இல்லை என்றும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள்.

போலி ஊசி என்பதே தனிப் பிரச்சினை. 1998இல் ஜெர்மனியில் ஷ்ட்ரைட்பெர்கர், தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் பின்வாங்கிக்கொள்ளும் ஊசி ஒன்றைச் செய்தார். நோயாளிக்குக் குத்தின மாதிரியே இருக்கும். ஆனால் ட்ரை நீட்லிங்கில் சதை வெட்டி இழுக்கிறதே, அதைப் போலியாகச் செய்ய முடியாது. ஏற்கெனவே போட்டுக்கொண்ட ஆளுக்கு எது நிஜம் என்று தெரிந்துவிடும். போடுகிறவருக்கு எப்படியும் தெரியும். அதனால் மேலே சொன்ன எண்களில் எவ்வளவு ஊசிக்கு, எவ்வளவு எதிர்பார்ப்புக்கு என்று பிரிப்பது கஷ்டம்.

ஆக, குறுகிய காலத்துக்கு நிவாரணம் உண்டு, நீண்ட காலத்துக்கு ஊசி மட்டும் போதும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஈரோட்டு நண்பரின் நாலு நாள் இதோடு ஒத்துத்தான் போகிறது.

ஜூன் 17

ஈரோட்டு நண்பர் பதில் எழுதிவிட்டார்: பயிற்சி எதுவும் சொல்லித்தரவில்லை, "ரெஸ்ட் எடுங்க" என்றார்களாம். பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணமும் கேட்டார்களாம்.

கட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று தடவையில் கழுத்து திரும்புவதிலும் வேலை செய்வதிலும் மாற்றம் தெரியவில்லை என்றால் நானே நிறுத்திவிடுவேன். பத்துக்கு முன்கூட்டியே கணக்குப் போட எந்தக் காரணமும் இல்லை.

வலி குறைந்த அந்த நாலு நாளில் ஓய்வு எடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை. கதவு திறந்திருக்கும் நேரம் அது. வலிக்கும்போது பளுவைத் தூக்கச் சொன்னால் யாரும் தூக்க மாட்டார்கள், வலி இல்லாதபோது தூக்கலாம். டென்மார்க்கில் ஆண்டர்சன் குழுவினர் 2008இல், கழுத்தோரத் தசை வலியுள்ள பெண்களுக்கு, பெரும்பாலும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள், வாரம் மூன்று நாள் 20 நிமிடம் டம்பெல் பயிற்சி கொடுத்தார்கள். பத்து வாரத்தில் வலி நன்றாக இறங்கியது, சைக்கிள் மட்டும் ஓட்டினவர்களுக்கு அவ்வளவு இல்லை. 2011இல் இன்னும் சுருக்கினார்கள். ரப்பர் பட்டையைக் காலால் மிதித்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்குவது, ஒரு நாளைக்கு இரண்டே நிமிடம். அதற்கும் பலன் இருந்தது. ஊசியே இல்லாமல்.

ஜூன் 18

எப்படிச் செய்வது என்று கேட்டவர்களுக்கு, என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

ஊசி போட்ட அன்று: கழுத்தைத் திருப்புவது, தோளைச் சுழற்றுவது, மணிக்கு ஒரு தடவை. மறுநாள் வலி தாங்கும்படி இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு கையிலும். தோளைக் காதை நோக்கி மெதுவாகத் தூக்கி, இன்னும் மெதுவாக இறக்க வேண்டும். இறக்குவதுதான் முக்கியம், தொப்பென்று விடக் கூடாது. பத்துப் பத்தாக மூன்று தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானால் இரண்டு லிட்டர். அப்புறம் கையைப் பக்கவாட்டில் தூக்குவது, அதற்கு மறுபடி அரை லிட்டரிலிருந்து ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் தோள் சண்டைக்கு வரும். செய்யும்போது லேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முந்தைய நாளை விட மோசமாக இருந்தால் பளுவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு: லேப்டாப்பை மடியிலிருந்து எடுத்து, நாலு தடிப் புத்தகம் மேல் வையுங்கள், கீபோர்டு தனியாக வாங்குங்கள். பத்து சிட்டிங் பணத்தில் கீபோர்டு, மவுஸ் இரண்டும் வாங்கி மிச்சமும் இருக்கும்.

கையில் மரத்துப்போதல், பிடி தளர்தல், நடையில் தடுமாற்றம், இரவில் தூங்கவிடாத வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பயிற்சியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். டாக்டரைப் பாருங்கள்.

ஜூன் 25

சேலத்திலிருந்து ஒருவர்: அப்பாவுக்கு 71 வயது, வால்வு ஆபரேஷன் ஆகி வார்ஃபரின் சாப்பிடுகிறார், குறுக்கு வலிக்கு இந்த ஊசி போடலாமா?

நான் போட மாட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு ஆழமான தசைக்குள் கசிவு ஏற்பட்டால் வெளியே தெரியாது. இதய டாக்டர் சமீபத்திய ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் சோதனை, பார்த்துவிட்டுச் சரி என்றால்கூட, எனக்கு ஊசி கடைசித் தேர்வுதான். வெந்நீர் ஒத்தடம், கையால் மிதமாக இளக்குவது, தினம் கொஞ்சம் நடை, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. இதில் ஆரம்பியுங்கள். நீங்களாக டைக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம், வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும். பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது அப்பாவின் மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கை வீங்கியிருப்பவர்களும் இதேபோல முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீங்கிய அந்தக் கையில் யாரும் ஊசி வைக்கக் கூடாது.